சத்தத்துக்கு ஒரு டேபிள் ஃபேன்

“காத்துக்கு இல்லீங்க, சத்தத்துக்கு” என்றார் துருவல்.

மொழிபெயர்ப்பாளர் அம்மாள் அதை உடனே மொழிபெயர்த்துவிடவில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரை ஒரு பார்வை பார்த்தார்.

“எனக்குச் சரியாத்தான் காதுல விழுந்துதா? குளிர்காலத்துல, இந்தக் குளிர்ல, டேபிள் ஃபேன் தூக்கிட்டு வந்திருக்கீங்க. அதுவும் சத்தத்துக்கு?”

“ஆமாங்க. என் மனைவிக்கு ஃபேன் ஓடற சத்தம் இல்லேன்னா தூக்கம் வராது. இந்த ஊர் ரூம்ல ஃபேனே கிடையாதாம். வந்த நாளா சொல்லிட்டிருந்தா.”

“இது அவங்களுக்குப் புரியாது சார். நான் வேற ஏதாவது சொல்லட்டுமா?”

“உள்ளதை உள்ளபடி சொல்லுங்க.”

அம்மாள் உள்ளதை உள்ளபடி சொன்னார். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த குடியேற்ற அதிகாரி கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து போய் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு ஓர் ஆளை அழைத்துவந்தார். அந்த ஆள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனான்.

விமான நிலையத்தில் வரிசையில் வந்த எல்லோரும் பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். துருவல் மட்டும் இந்தச் சின்ன அறைக்குள் வந்து மாட்டிக்கொண்டார். ஒரு மேசை, நாற்காலிகள், ஜன்னல் இல்லாத சுவர். அவருடைய செல்ஃபோனை வாங்கி மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைத்திருந்தார்கள்.

துருவல் என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அவருக்கு வேலையே கேள்வி கேட்பதுதான். கார் எரிந்துவிட்டது, கடையில் வெள்ளம் புகுந்துவிட்டது என்று நஷ்டஈடு கேட்டு யாராவது வந்தால், எரிந்ததா, எரித்ததா என்று பார்த்துவர இவரைத்தான் அனுப்புவார்கள். துருவித் துருவிக் கேட்பார். வெள்ளத்தில் எல்லாம் போய் நின்ற ஒரு கடைக்காரரிடம், “தண்ணி முதல்ல எந்தக் காலைத் தொட்டுது? இடது காலா, வலது காலா?” என்று கேட்டவர். கடைக்காரர் அழுதேவிட்டார். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவர் துருவல். மேனேஜரே முகத்துக்கு நேராக அப்படித்தான் கூப்பிடுவார். இவரும் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டார்.

அவர் தொழிலில் ஒரு விதி உண்டு. எங்கே போனாலும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. முன்கூட்டியே ஃபோன் செய்தால் எதிராளி தயாராகிவிடுவான். திடீரென்று வாசலில் போய் நிற்க வேண்டும். அப்போது முகத்தில் என்ன தெரிகிறதோ அதுதான் உண்மை.

“உங்க மனைவிக்கு நீங்க வர்றது தெரியுமா?” என்று அதிகாரியின் அடுத்த கேள்வி அம்மாள் வழியாக வந்தது.

“அவளுக்கு எதுவும் தெரியாதுங்க. சொல்லாமத்தான் கிளம்பி வந்தேன்.”

“ஏன் சொல்லலை?”

துருவல் வாயைத் திறந்தார். “சொல்லாம போனாத்தான்...” என்று ஆரம்பித்தவர், அதற்கு மேல் போனால் தன் குழியைத் தானே தோண்டுவதாகும் என்று தெரிந்து நிறுத்தினார். “சந்தோஷப்படட்டும்னு” என்று முடித்தார்.

அதிகாரி ஒன்றும் சொல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். துருவலுக்கு அந்த மௌனம் நன்றாகத் தெரியும். ஓர் ஆள் பொய் சொல்கிறான் என்று தோன்றினால் பதில் வந்த பிறகும் பேசாமல் இருக்க வேண்டும். அவனே பயந்துபோய் மேலே ஏதாவது உளறுவான். கைதேர்ந்த ஆள்தான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார். மெச்சிக்கொண்டே உளறவும் ஆரம்பித்தார்.

“எங்களுக்குள்ள ஒரு சின்னச் சண்டைங்க.”

“என்ன சண்டை?”

சொல்லியிருக்க வேண்டாம்.

அவர் மனைவி இந்த ஊரில் பல் செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறாள். மெழுகில் பல்லைச் செதுக்கி, ஈறோடு பொருந்துகிறதா என்று பார்க்கிற நுணுக்கமான வேலை. அதில் அவளுக்கு நல்ல கை. இங்கே அந்தக் கைக்கு மதிப்பு இருக்கிறது என்று இருவரும் பேசித்தான் அனுப்பிவைத்தார்கள். தினமும் மாலையில் ஃபோன். எந்த பஸ்ஸில் வந்தாய், பக்கத்து சீட்டில் யார், ஜன்னல் சாத்தியிருந்ததா என்று துருவல் ஒவ்வொன்றாகக் கேட்பார். அக்கறையில்தான் கேட்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் அவள் ஃபோனை எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தும் எடுக்கவில்லை. கடைசியில் அவளே கூப்பிட்டாள்.

“வேலை அதிகம். பஸ்ல அசந்து தூங்கிட்டேங்க. கடைசி ஸ்டாப்புக்கே போயிட்டேன். இப்பதான் நடந்து வர்றேன், கால் விட்டுப்போச்சு.”

“தூங்கினதுக்கு என்ன ஆதாரம்?”

வாயை விட்டு வந்த பிறகுதான் துருவலுக்கே கேட்டது. காரை எரித்தவனிடம் கேட்கிற கேள்வி. அவள் மெதுவாக இணைப்பைத் துண்டித்தாள். மறுநாளிலிருந்து “ம்”, “சரி”, “வேலை இருக்கு, அப்புறம் பேசறேன்”. அவ்வளவுதான் பேச்சு.

மன்னிப்புக் கேட்காமல் இல்லை. “மன்னிச்சுடும்மா” என்று ஆரம்பிப்பார். வாய் அதோடு நிற்காது, “ஆனா பக்கத்துல இருக்கறவங்க எழுப்ப மாட்டாங்களா?” என்று கூடவே வந்துவிடும். ஃபோனில் மன்னிப்புக் கேட்கிற யோக்கியதை தன் நாக்குக்கு இல்லை என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. நேரில் போய், ஃபேனைக் கையில் கொடுத்து, ஒரு கேள்விகூடக் கேட்காமல் நிற்க வேண்டும். பழக்கதோஷம், யாருக்கும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். கீழ்வீட்டுத் தையல்காரருக்குக்கூடத் தெரியாது.

இதையெல்லாம் துருவல் விலாவாரியாகச் சொன்னார். அம்மாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அதிகாரியிடம் இரண்டே வார்த்தை சொன்னார்.

“நான் இவ்வளவு சொன்னேனே, என்ன சொன்னீங்க?”

“சந்தேகப் பிராணின்னு சொன்னேன்.”

“அய்யோ, அது எப்படிங்க?”

“சுருக்கிச் சொல்லணும்னு எங்களுக்கு உத்தரவு சார்.”

அதிகாரி கேள்விகளை அடுக்கினார். மனைவி எந்தத் தெருவில் இருக்கிறாள்? லேபுக்கு எப்படிப் போகிறாள்? துருவலுக்குத் தெம்பு வந்தது. பரீட்சைக்கு முழுப் புத்தகத்தையும் படித்துவிட்டு வந்தவர் அவர். மாடியில் இடது பக்க அறை, கதவு நீலம், கைப்பிடி லூஸ். முக்கு திரும்பினால் துணி துவைக்கிற கடை. அங்கே நின்றால் பஸ். லேபில் அவளுக்கு ஜன்னலோர மேசை. எதிர் மேசைக்காரிக்கு இடது கைப் பழக்கம். அவள் தம்பி மீன் தொட்டி விற்கிறான்.

அம்மாள் மூச்சு வாங்கினார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“இதுவரைக்கும் இந்த ஊருக்கு வந்ததே இல்லேன்னு சொன்னீங்க. கைப்பிடி லூஸ்னு எப்படித் தெரியும்னு கேக்கறார். ஆளை வெச்சு வேவு பார்த்தீங்களா?”

“இல்லீங்க, கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.”

“மீன் தொட்டி வரைக்குமா?”

“அந்தத் தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னும் கேட்டேன்” என்று சொல்லிவிட்டு, அதைச் சொல்லியிருக்க வேண்டாமே என்று துருவல் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதிகாரி சற்று யோசித்துவிட்டு வேறு குரலில் ஏதோ கேட்டார். அம்மாளும் கொஞ்சம் தணிந்த குரலில்தான் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

“உங்க மனைவிக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கா?”

துருவல் பதில் சொல்லத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தார். மீன் தொட்டி வரை கேட்டவர் இதைக் கேட்டதில்லை. ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்ததும், இவர் குறுக்கே புகுந்து, அது எந்தக் கிழமை என்று கேட்டதும்தான் ஞாபகம் வந்தது. முகம் சுட்டது. ஜன்னல் இல்லாத அந்த அறையில் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியாதுங்க” என்றார்.

“முதல் தடவையா ஒரே வார்த்தையில பதில் சொல்லியிருக்கீங்க” என்றார் அம்மாள்.

பக்கத்து அறையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் ஆள் வந்தான். ஃபேனுக்குள் ஒன்றும் இல்லை. ஆனால் திரும்ப மாட்டியதில் ஒரு ஸ்க்ரூ மிச்சம். அதை ஒரு காகிதத்தில் மடித்து மரியாதையாகத் துருவல் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

“சரி, உங்க மனைவிகிட்டயே கேட்டுடறோம். அவங்க வந்து கூட்டிட்டுப் போகட்டும்” என்றார் அதிகாரி, அம்மாள் வழியாக.

துருவலுக்கு உயிர் வந்தது. திடீரென்று வாசலில் போய் நிற்கிற திட்டம் கெட்டால் கெட்டுப்போகட்டும், ஆளைப் பார்த்தால் போதும். நம்பரைச் சொன்னார். அதிகாரி அடித்தார். ஸ்விட்ச் ஆஃப்.

“சார்ஜ் போட மறந்திருப்பா. அவளுக்கு எப்பவும் இதே வேலை” என்றார் துருவல். “லேபுக்கு அடிங்க. முந்தாநாள் வழக்கத்தைவிட ரெண்டு வார்த்தை கூடவே பேசினா. அவசரமா ஒரு பல் செட் முடிக்கணும், இந்த வாரம் பூரா லேப்லயேதான்னு சொன்னா.”

அதிகாரி லேபுக்கு அடித்தார். கொஞ்ச நேரம் பேசினார். ஃபோனை வைத்தபோது அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அம்மாள் முகத்தில்தான் மாற்றம் இருந்தது.

“சார்... அவங்க போன வாரமே வேலையை விட்டுட்டாங்களாம்.”

“இருக்காதுங்க. வேற யாரையோ சொல்றாங்க. பல் செதுக்கறதுல நல்ல கைன்னு கேட்டுப் பாருங்க.”

“அதையும் சொன்னாங்க. இந்த மாதிரி கை இனிமே கிடைக்காதுன்னு வருத்தப்பட்டாங்களாம்.”

துருவல் நாற்காலி நுனிக்கு வந்தார். “அப்ப வீட்டுக்காரம்மாவுக்கு அடிங்க. உடம்பு சரியில்லாம ரூம்லயே படுத்திருப்பா. என்கிட்ட சொன்னா நான் நூறு கேள்வி கேப்பேன்னு மறைச்சிருப்பா.”

வீட்டுக்காரம்மா இரைந்து பேசுகிறவள். அவள் குரல் ஃபோனுக்கு வெளியிலும் கேட்டது. அம்மாள் அதைக் கேட்டுக் கேட்டுத் துண்டு துண்டாகச் சொன்னார்.

“ரூமைக் காலி பண்ணிட்டாங்களாம்... கைப்பிடியைச் சரி பண்ணிட்டுத்தான் போனாங்களாம்... ஒரு கார் வந்துதாம். ஒருத்தர் இறங்கிப் பெட்டியெல்லாம் தூக்கி வெச்சாராம்.”

“யாரு அந்த ஆளு? என்ன வயசு? கார் என்ன கலர்?”

அதிகாரி கையை உயர்த்தினார்.

“இங்க கேள்வி கேக்கறது அவருதானாம்” என்றார் அம்மாள்.

துருவல் தலைக்குள் இருந்த விசாரணை அதிகாரி விழித்துக்கொண்டான். வேலையை விட்டாள், சொல்லவில்லை. வீட்டைக் காலி செய்தாள், சொல்லவில்லை. முந்தாநாள் பொய் சொன்னாள். இப்போது ஃபோன் ஆஃப். இதைவிடப் பலவீனமான கேஸ்களைக்கூட அவர் ஒரு மாலைப்பொழுதில் முடித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். முடிவு எழுதுவதுதான் பாக்கி. அவருக்கு எழுத மனம் வரவில்லை.

“என்கிட்ட பொய் சொல்லியிருக்கா” என்று அவர் முணுமுணுத்ததை அம்மாள் மொழிபெயர்க்காமல் விட்டிருக்கலாம். அன்றைக்கென்று பார்த்து உடனே மொழிபெயர்த்துவிட்டார். அதிகாரி தலையை ஆட்டினார். யாரைப் பார்க்க வந்தாரோ அவர் இங்கே இல்லை, எங்கே இருக்கிறார் என்று வந்தவருக்கே தெரியவில்லை என்றால் எப்படி உள்ளே விடுவது?

துருவல் அவசரமாகக் கட்சி மாறினார். “அப்ப நான் சுற்றுலாப் பயணியா வந்ததா வெச்சுக்குங்க.”

“என்னென்ன பார்க்கப் போறீங்க?”

இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மலையா, கடலா, கோட்டையா? அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாதை.

“அந்தத் துணி துவைக்கிற கடை” என்றார். “பஸ் ஸ்டாப். அங்க ஒரு பெஞ்ச் இருக்கும், ஒரு பலகை உடைஞ்சது. அப்புறம்... அந்த பஸ்ஸோட கடைசி ஸ்டாப். அங்கேருந்து அவ வீடு வரைக்கும் நடந்து பார்க்கணும்.”

“அதுல என்ன இருக்கு பார்க்க?”

“எவ்வளவு தூரம்னு பார்க்கணுங்க. கால் விட்டுப்போற தூரமான்னு...”

இந்தத் தடவை அம்மாள் ஒரு வார்த்தையைக்கூடச் சுருக்காமல் சொன்னார் போலிருக்கிறது, வெகுநேரம் பேசினார். அதிகாரி எழுந்து போய்க் காகிதக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நல்ல மனிதர்தான். ஆனாலும் விதி விதிதான். அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்புவதாக முடிவாயிற்று.

“ஒரு அஞ்சு நிமிஷம் அவளைப் பார்த்துட்டா போதும்னு சொல்லுங்கம்மா. எங்க இருக்கான்னு கண்டுபிடிச்சுக் குடுத்தா போதும். எதுவும் கேக்க மாட்டேன். யாரு கார்னுகூடக் கேக்க மாட்டேன்.”

“அவங்க இங்க இல்லேங்கறாங்களே சார்.”

“போயிட்டா” என்றார் துருவல். “தினம் தினம் கேட்டே துரத்திட்டேன். காரை எரிச்சவன்கிட்டகூட வேலை முடிஞ்சதும் ஒரு டீ குடிச்சிட்டுத்தான் வருவேன். இவகிட்ட ஒரு நாள் சும்மா பேசியிருக்கேனா? தூங்கிட்டேன்னு சொன்னா, ‘பாவம், சாப்பிட்டுப் படு’ன்னு சொல்றதுக்கு என்ன கேடு எனக்கு?”

அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதை மொழிபெயர்க்கட்டுமா?”

“வேணாம்.”

ஃபேனைப் பக்கத்து அறையிலிருந்து கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தார்கள். தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. துருவல் அதை நேராக நிமிர்த்திப் பார்த்தார். அது மறுபடி சாய்ந்தது.

அப்போது பிளாஸ்டிக் தட்டில் இருந்த அவருடைய ஃபோன் அடித்தது. துருவல் பாய்ந்து எட்டிப் பார்த்தார். திரையில் ‘கீழ்வீட்டுத் தையல்காரர்’ என்று இருந்தது. பாய்ந்த வேகத்திலேயே சோர்ந்து உட்கார்ந்தார்.

“எடுக்கலாமான்னு கேக்கறார், யாரு அது?” என்றார் அம்மாள்.

“கீழ்வீட்டுக்காரர். கிளம்பற அவசரத்துல மாடியில குழாயைத் திறந்து விட்டுட்டு வந்துட்டேன் போல. தண்ணி அவர் கடையில ஒழுகும். தைக்கக் குடுத்த துணியெல்லாம் நனைஞ்சிருக்கும், இப்ப நஷ்டஈடு கேப்பார். இன்னிக்கு என்னால யார்கிட்டயும் திட்டு வாங்க முடியாதுங்க. நான் இல்லேன்னு சொல்லிடுங்க.”

ஃபோன் நின்றது. உடனே மறுபடி அடித்தது. அதிகாரி சைகை காட்ட, அம்மாள் எடுத்துக் காதில் வைத்தார்.

“ஹலோ... அவர் இல்லீங்க... நானா? நான் மொழிபெயர்ப்பாளருங்க... இல்லம்மா, நீங்க நினைக்கற மாதிரி எதுவும் இல்லை, இது விமான நிலையம்... மெதுவாச் சொல்லுங்க, அழாதீங்க... சரி... சரி...”

துருவல் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. தையல்காரர் வீட்டம்மா வேறு அழுகிறார் என்றால் முழுக் கடையும் மிதக்கிறது என்றுதான் அர்த்தம். கேட்டுக்கொண்டே இருந்த அம்மாள், ஒரு கட்டத்தில் அதிகாரியைப் பார்த்தார், பிறகு ஃபேனைப் பார்த்தார், கடைசியில் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு துருவல் பக்கம் திரும்பினார்.

“சார், தண்ணியெல்லாம் எதுவும் ஒழுகலை. பேசறது உங்க மனைவி. இனிமே உங்களோடயே இருந்துடறதுன்னு வேலையை, வீட்டை எல்லாம் விட்டுட்டு, டாக்ஸி வெச்சு விமானம் ஏறி, உங்ககிட்ட சொல்லாம ஊருக்கு வந்துட்டாங்களாம். தையல்காரர் ஃபோனை வாங்கிக்கிட்டுப் பெட்டியோட உங்க வீட்டு வாசல்ல நிக்கறாங்க. விமான நிலையம்னு சொன்னா நம்பலை, ‘எவ்வளவு நேரமா தட்டறேன், உள்ள என்ன பண்றார், கதவைத் திறக்கச் சொல்லுங்க’ங்கறாங்க.”